சிறு நகரமும் அதன் கழிவுநீரும்



ஒரு நகரத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வந்து சேரும் நாளில் நாம் பந்தல் போட்டு, தோரணம் கட்டி, பெரியவர்களை அழைத்துக் குழாயைத் திறக்கச் சொல்லி, முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தண்ணீருக்கு அந்த மரியாதை தகும். ஆயினும், அவ்வளவு வைபவத்தோடு வந்த அதே தண்ணீர், குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கழிப்பறையில் ஊற்றியபின் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி எங்கே போகிறது, யாருடைய கிணற்றில் ஊறுகிறது, எந்த ஏரியில் போய்த் தங்குகிறது என்று விசாரிப்பதற்கு நமக்குள் ஒரு சபையும் கூடுவதில்லை. இன்று அந்த விசாரணையைச் செய்வதற்காகவே உங்கள் முன் நிற்கிறேன். விஷயம் கேட்பதற்கு இனிமையானதன்று என்பதை அறிவேன். எனினும் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைப் பற்றியது என்பதால் பொறுமையோடு கேட்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

முதலில் ஒரு கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு வகுத்துள்ள அளவு. அதில் நூற்றுக்கு 80 பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. அப்படியானால் 30,000 பேர் வாழும் ஒரு சிறிய நகரத்திலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய 32 லட்சம் லிட்டர் அழுக்குநீர் வெளியேறும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வழங்கும் தண்ணீர் குறைவு என்பதால் கழிவுநீரும் குறையும்; பாதியாகவே குறைந்தாலும் 16 லட்சம் லிட்டர். மழைக்காலம், கோடைக்காலம் என்ற பேதமின்றி, பண்டிகை நாள் விடுமுறை நாள் என்ற விலக்குமின்றி, இது நாள் தவறாமல் நிகழ்கிறது. நாள் தவறாமல் நிகழும் ஒரு காரியத்தை, எப்போதாவது யாராவது முறையிட்டால் மட்டும் கவனிக்கும் நிர்வாகத்தால் ஆள முடியாது. இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான். கழிவுநீரை ஒழுங்கு செய்யும் விதி, நிரம்பி வழிந்தபின் ஓடிவரும் விதியாக இல்லாமல், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் காலம் தவறாமல் தானே நடந்து வரும் விதியாக இருக்க வேண்டும். அந்த நடையை நடக்க வேண்டிய பொறுப்பு நகராட்சியினுடையது.

நம் சிறு நகரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. பேரூராட்சிகளில் அது மிகவும் அபூர்வம். கழிப்பறை கட்டிய ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அதற்கு எல்லாரும் செப்டிக் டேங்க் என்று பெயர் சொல்லுகிறார்கள். இங்கிலாந்திலே எக்ஸிடர் நகரத்துப் பொறியாளராக இருந்த டொனால்டு கேமரன் 1895-இல் அந்தப் பெயரோடு கட்டிய தொட்டி எப்படி வேலை செய்ததோ, இன்றும் முறையாகக் கட்டப்பட்ட தொட்டி அப்படித்தான் வேலை செய்கிறது. நாற்புறமும் அடியும் நீர் கசியாதபடி பூசப்பட்ட தொட்டியை ஒரு தடுப்புச் சுவரால் இரண்டு அறைகளாகப் பிரிக்கிறார்கள். கனமான கசடு கீழே படிகிறது. எண்ணெயும் சோப்பும் சேர்ந்த ஆடை மேலே மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் தடுப்பைக் கடந்து இரண்டாம் அறைக்கும், அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போகிறது. காற்றில்லாத இருட்டில் வாழும் கிருமிகள் கசடின் ஒரு பகுதியை மெல்லத் தின்று குறைக்கின்றன. ஆனால் முழுவதையும் தின்று தீர்ப்பதில்லை. ஆகவேதான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை வெளியே எடுத்தாக வேண்டும் என்று சாஸ்திரம் விதிக்கிறது. எடுக்காமல் விட்டால் தொட்டியின் கொள்ளளவு குறைந்து, உள்ளே வந்த மலம் படிவதற்கு அவகாசமின்றி, வந்த வேகத்திலேயே வெளியேறிவிடும்.

இனி, நம் ஊர்களில் உள்ளபடி இருப்பதைப் பார்ப்போம். ‘எங்கள் தாத்தா கட்டிய டேங்க், இன்றுவரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை’ என்று பெருமையோடு சொல்லும் இல்லத்தரசர்களை நீங்கள் எல்லாரும் சந்தித்திருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் மலத்தை வாங்கிக்கொண்டும் ஒரு தொட்டி நிரம்பவில்லை என்றால், அது கிரமமாக வேலை செய்கிறது என்று பொருளல்ல. அடியிலும் பக்கத்திலும் பூச்சே இல்லாமல், கிணற்றுக்கு இறக்குவதுபோலச் சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலே சிலாப் போட்டு மூடிய வெறும் குழி அது. அதில் விழுந்ததெல்லாம் மண்ணுக்குள் கசிந்து போய்க்கொண்டே இருக்கிறது. அதே மனையில், பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், அதே மண்ணைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு போட்டு, அந்த நீரை மாடியில் ஏற்றி அவர்களே குளிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் குடிக்கவும் செய்கிறார்கள். பணம் மிச்சமாகிறது என்று நினைத்த அந்தக் குழி, குழந்தைகளின் வயிற்றுப்போக்காகவும் டைபாய்டு காய்ச்சலாகவும் தன் செலவை வசூலித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை வீடு உண்டு. அங்கே தொட்டி முறையாகவே கட்டியிருப்பார்கள். ஆனால் உறிஞ்சு குழிக்கு இடமில்லாமல், அல்லது மனமில்லாமல், தொட்டியின் கழுத்திலிருந்து நாலங்குலக் குழாய் ஒன்றைத் தெரு வாய்க்காலுக்கு விட்டிருப்பார்கள். மழைநீர் வடிவதற்காக வெட்டிய அந்த வாய்க்கால், ஊரின் தாழ்ந்த பக்கத்திலுள்ள ஏரிக்கோ குளத்துக்கோ போகிறது. நான் ஒரு தெருவில் இரு பக்க வாய்க்கால்களையும் நடந்து பார்த்தேன். வீடுகளிலிருந்து வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களில் சிலவற்றின் கீழே சோப்பு நுரை வெளுத்துக் கிடந்தது. வேறு சிலவற்றின் கீழே சிமெண்டுத் தரை கறுத்து, மெலிந்த புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. எது குளியலறைக் குழாய், எது செப்டிக் டேங்க் குழாய் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவ்வளவு பிரத்தியட்சமாகத் தெரிகிற ஒன்று, எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

தொட்டி நிரம்பி, கழிப்பறையில் நீர் இறங்க மறுக்கும்போது, வீட்டுக்காரர் சுவரில் எழுதியிருக்கும் கைபேசி எண்ணைப் பார்த்துக் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுகிறார். லாரி வருகிறது. ஓட்டுநரும் உதவியாளர் ஒருவரும் இறங்கி, சிலாப்பின் ஓரத்துச் சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்க்கிறார்கள். திறந்தவுடன் கரப்பான்பூச்சிகள் கூட்டமாக வெளியே ஓடுகின்றன; உள்ளே கறுத்து இறுகிய ஆடை ஒரு சாண் கனத்துக்கு மூடியிருக்கிறது. அதை நீளமான கோலால் குத்தி உடைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, வளையம் வளையமாக எலும்பு தெரியும் தடித்த குழாயை உள்ளே விட்டு, இயந்திரத்தை முடுக்குகிறார்கள். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, பணத்தை வாங்கிக்கொண்டு லாரி போய்விடுகிறது. எங்கே போகிறது? ஊர் எல்லையிலுள்ள ஓடைக்கு, வறண்ட ஏரிக்கு, மாந்தோப்புக்கு, சில சமயம் நெடுஞ்சாலையோரத்துப் பள்ளத்துக்கு. இரவில் கொண்டுபோய்க் கொட்டும் அந்த ஓட்டுநரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் கொட்ட வேண்டிய இடம் இதுதான் என்று ஒரு இடத்தைக் காட்டாத நிர்வாகத்துக்கு, அவரைத் தண்டிக்கும் தார்மிக உரிமை கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த இடத்தைக் காட்டிய ஊர்கள் நம்மிடையே உண்டு. சென்னையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழிப் பேரூராட்சியில், 2017-இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 23,300 லிட்டர். கருங்குழிக்கு மட்டுமன்றி மதுராந்தகம் நகராட்சிக்கும் அதுவே பயன்படுவதாக அமைந்தது. பெரிய மாநகரங்களின் யந்திரசாலைகளைப் போல் கற்பனை செய்ய வேண்டாம். இத்தகைய நிலையங்களில் லாரியிலிருந்து இறக்கிய கசடைச் சல்லடையில் வடித்து, மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்த்தும் பாத்திகளில் விட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். வடிந்த நீரைக் குட்டைகளில் தேக்கித் தூய்மைப்படுத்துகிறார்கள். காய்ந்த கசடைப் பக்குவப்படுத்தி உரமாக்குகிறார்கள். நமக்கு ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும் வெயிலே இதில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதற்கு முன்பே, 2015-இல், பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கொள்ளும் சிறிய நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே, இது பெரிய ஊர்களுக்கே உரிய காரியம், எங்களைப் போன்ற பேரூராட்சிகளுக்கு எட்டாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

ஆனாலும், நிலையம் கட்டிவிட்டால் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பது பெரும் பிழை. 2014-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு கசடு மேலாண்மைக்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, சுற்றுவட்டார ஊர்களை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் ஏற்பாட்டை வகுத்தது. கழிவுநீர் லாரி ஓட்டுவோர் உள்ளாட்சியிடம் உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. இவையெல்லாம் லாரியைப் பற்றியவை. லாரியோ, வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் வரும். கூப்பிடுகிற வீட்டுக்காரர் யார்? கழிப்பறை அடைத்துக்கொண்டவர். அடியில்லாத குழி வைத்திருப்பவர் கூப்பிடவே மாட்டார். வாய்க்காலுக்குக் குழாய் விட்டவரும் கூப்பிட மாட்டார். ஆக, ஊருக்கு அதிகத் தீங்கு விளைவிக்கும் வீடுகள் எவையோ, அவை ஒழுங்குமுறையின் கண்ணில் படாமலே நின்றுவிடுகின்றன. உரிமம் பெற்ற லாரிகளும் சுத்திகரிப்பு நிலையமும் ஆயத்தமாக இருக்க, கசடு வராமல் பாத்திகள் காய்ந்து கிடக்கும் நிலைமை இதனால்தான் உண்டாகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்த ஊர் ஒன்றை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். மகாராஷ்டிரத்தில் சதாரா ஜில்லாவில், கிருஷ்ணா நதியின் கரையில், வாய் என்றொரு பழைய ஊர் இருக்கிறது. கோயில்களும் படித்துறைகளும் நிறைந்த அந்த நகராட்சியின் ஜனத்தொகை 2011 கணக்கின்படி சுமார் 36,000. அங்கே 2018 முதல், வீட்டுக்காரர் கூப்பிடுவதற்காகக் காத்திராமல், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரின் எல்லாத் தொட்டிகளும் சுத்தம் செய்யப்படும்படி வட்டம் வட்டமாகப் பிரித்து, லாரியை நகராட்சியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாசிக் ஜில்லாவின் சின்னர் நகராட்சியும் அதே காலத்தில் அதே வழியை மேற்கொண்டது. லாரி வந்த அன்று வீட்டுக்காரர் ஐந்நூறு ஆயிரம் என்று கொடுக்க வேண்டியதில்லை. சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கும் சுகாதார வரியிலிருந்து அந்தச் செலவு போகிறது. குத்தகைதாரர் எத்தனை தொட்டிகளைச் சுத்தம் செய்து, கசடை நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குப் பணம். வழியில் ஓடையில் கொட்டிவிட்டுப் போனால் அவருக்கு நஷ்டம். நிலையத்துக்குக் கொண்டுவந்தால் லாபம். ஒரே ஏற்பாட்டினால் வீட்டுக்காரரின் தயக்கமும் ஓட்டுநரின் சபலமும் நீங்கிவிட்டன என்பதே இதன் சிறப்பு.

இதை நாம் வடக்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய புதுமை என்று எண்ணத் தேவையில்லை. ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடும்போது, யார் உரத்துக் கத்துகிறாரோ அவர் வயலுக்கு முதலில் மடை திறப்பதில்லை. எந்தக் கண்ணாறு, எந்த வயல், எத்தனை நாழிகை என்று முன்பே வகுத்து, நீர்க்கட்டி தன் மண்வெட்டியோடு வரிசை பிசகாமல் வருவார். கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் வெகு தொலைவில் இல்லாத உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிலேயே ஊரார் குடவோலை முறையில் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த விவரத்தைச் சொல்லுகின்றன. வரும் நீரை வரிசைப்படுத்தி ஆளத் தெரிந்த ஜனங்களுக்கு, போகும் நீரை வரிசைப்படுத்தி ஆள முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அடுத்து, பாதாளச் சாக்கடை அமைந்த, அல்லது அமையப்போகிற நகராட்சிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாக்கடை இணைப்பு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் ஒருவர் செய்யும் தவறு ஊரார் அனைவரையும் பாதிக்கத் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1937-இல் இயற்றிய ஒரு சட்டம், தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விட உரிமை உடையவை என்று ஒப்புக்கொண்டு, அதே மூச்சில், உள்ளாட்சியின் சம்மதம் பெற்று, அது விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே விட வேண்டும் என்றும் வகுத்தது. இணைப்பு உரிமை என்றால் அதோடு நிபந்தனையும் பிறக்கிறது என்ற அந்தத் தத்துவமே இன்று உலகெங்கும் சாக்கடை விதிகளின் அஸ்திவாரம். நம் நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் பொதுச் சாக்கடைக்குள் விடத்தக்க நீருக்கு அளவு வகுத்திருக்கின்றன: அமில காரத் தன்மை 5.5 முதல் 9 வரை. மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராம். எண்ணெயும் கொழுப்பும் 20 மில்லிகிராம். அழுகும் பொருளின் வலிமையைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 350 மில்லிகிராம். ஆற்றில் நேரே விடுவதானால் அந்த 350 என்பது 30 ஆகச் சுருங்குகிறது. இடையிலுள்ள வேலையைச் செய்வதற்காகத்தான் ஊரார் பணத்தில் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறோம்.

இந்த எண்கள் ஏதோ ஆலைக்காரர்களுக்கு உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பந்தி போடும் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டிலிருந்து, முகூர்த்த நாளில் வெந்நீரோடு சேர்ந்து இறங்கும் எண்ணெய், சாக்கடைக் குழாயில் சிறிது தூரம் போவதற்குள் குளிர்ந்து, வெள்ளை மெழுகுபோலக் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முகூர்த்தத்தில் அதன்மேல் இன்னொரு படலம். ஹோட்டல்களும் இனிப்புக் கடைகளும் இதையே நாள்தோறும் செய்கின்றன. சமையற்கட்டுக்கு வெளியே எண்ணெய் பிடிக்கும் ஒரு சிறிய தொட்டியைக் கட்டி, வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை அள்ளிவிட்டால் தீரக்கூடிய துன்பம் இது. வர்த்தக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்தத் தொட்டி இருக்கிறதா, அள்ளியதற்குக் குறிப்பு இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும்; தனிச் சட்டம் தேவையில்லை. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைத் தொட்டியில் திருப்பிவிடும் வழக்கமும் இப்படித்தான். மழைக்காலத்தில் தெருவில் ஆள்நுழைவுத் தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளிக்கொண்டு மலநீர் பொங்குவதற்குப் பெரும் காரணம் நம் வீட்டு மாடிகளே. இதற்கெல்லாம் மேலாக, கசடு லாரி ஒன்று இரவில் ஒரு மூடியைத் திறந்து தன் பாரத்தை உள்ளே கொட்டிவிட்டுப் போனால், வீட்டுக் கழிவுநீரைப்போல் பல மடங்கு வலிமை கொண்ட அந்தக் கசடு, நிலையத்தில் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும் நுண்ணுயிர்களை நிலைகுலையச் செய்துவிடும்.

அடைப்பு ஏற்பட்டால் என்ன நடக்கிறது? இந்த இடத்தில் சற்று நிதானிக்கிறேன். அடைப்பை எடுக்க ஒரு மனிதரை இறக்குகிறார்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அழுகும் பொருளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு பிறக்கிறது. காற்றைவிடக் கனமானதாதலால் அது அடியில் தங்குகிறது. சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. ஆனால் அளவு மிகும்போது மூக்கின் உணர்ச்சியையே மழுங்கச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிற கணமே ஆபத்து முற்றிய கணமாகிறது. முதலாமவர் மயங்கி விழுகிறார்; அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும், சில சமயம் மூன்றாமவரும், அங்கேயே மாண்டுபோகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைக் குற்றமாக்கி, முதன்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இந்தச் சட்டம் நகராட்சியை மட்டுமல்ல, தன் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கும் உங்களையும் என்னையும் கட்டுப்படுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தாரின் தலையில் இந்த வேலையைக் கட்டிவைத்த பாவம் நம்முடையது. ஆகவே மண்டபத்து எண்ணெய்த் தொட்டியைப் பற்றிய விதியும், துணியும் பிளாஸ்டிக்கும் நாப்கினும் கழிப்பறையில் போடக்கூடாது என்ற விதியும், வெறும் பொறியியல் விதிகளல்ல. அடைப்பே உண்டாகாமல் தடுக்கும் ஒவ்வொரு விதியும் ஒரு மனிதர் இறங்க வேண்டிய தேவையைக் குறைக்கிறது.

இவ்வளவும் சரிதான், நகராட்சியிடம் பணம் ஏது என்று கேட்பீர்கள். இதே வாதத்தை ஒரு நகராட்சி உச்ச நீதிமன்றத்தின் முன்னிலையில் சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்ற ஊர். அதன் 12-ஆம் வார்டில், புதிய சாலை என்ற தெருவில் வாழ்ந்த ஜனங்கள், திறந்த சாக்கடையின் துர்நாற்றத்தையும், கழிப்பிடமில்லாத ஏழைகள் வேறு வழியின்றித் தெருவோரத்தில் ஒதுங்குவதையும், சாராயத் தொழிற்சாலையொன்றின் கழிவு தெருவில் ஓடுவதையும் பொறுக்க மாட்டாமல், பொதுத் தொல்லையை நீக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். மாஜிஸ்திரேட் நகராட்சிக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்துத் திட்டம் வகுக்க ஆணையிட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் அதைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே நகராட்சி சொன்ன சமாதானங்கள் இரண்டு: பணமில்லை என்பது ஒன்று, அந்த இடத்தின் நிலைமை தெரிந்தேதான் அந்த ஜனங்கள் குடிவந்தார்கள் என்பது மற்றொன்று.

1980-ஆம் ஆண்டு ஜூலையில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரும் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் அளித்த தீர்ப்பு, இரண்டையும் நிராகரித்தது. பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்கென்றே பிறந்த ஒரு ஸ்தாபனம், கையில் பணமில்லை என்று சொல்லித் தன் பிறவிக் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சாராயத் தொழிற்சாலையின் கழிவை நிறுத்தவும், பொதுக் கழிப்பிடங்கள் கட்டவும், சாக்கடையைச் சீர்செய்யவும் கால வரையறையோடு ஆணைகள் பிறந்தன. ஒரு சிறிய நகராட்சியின் ஒரு தெருவாசிகள் பெற்ற அந்தத் தீர்ப்பை, சட்டம் பயில்வோர் இன்றும் முதல் பாடங்களில் ஒன்றாகப் படிக்கிறார்கள். எனினும் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அதை இங்கே மறைக்காமல் சொல்லுகிறேன். நீதிமன்றத்தின் ஆணை ஒரு தெருவைச் சுத்தம் செய்யலாம். அடுத்த தெருவுக்கு இன்னொரு வழக்கு வேண்டும். முறையீட்டினால் பிறக்கும் நியாயம், முறையிடத் தெரிந்தவனுக்கும் வசதியுள்ளவனுக்குமே கிட்டும். ஊர் முழுவதையும் சுற்றிவரும் கிரமமான ஏற்பாடு ஒன்றுதான், வாய் பேசாதவனுடைய வாசலிலும் நிற்கும்.

சட்டத்துக்கும் நமக்குப் பஞ்சமில்லை. 1920-ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டத்திலேயே வடிகால்களைப் பற்றிய அதிகாரங்கள் இருந்தன. 1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டியது. இன்று 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023-இல் வந்த விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. குறைவது வீட்டுக்கு வீடு எழுதிவைத்த கணக்கு. எந்த வீட்டில் தொட்டி, எந்த வீட்டில் குழி, அடிப்பூச்சு உண்டா, வெளியேறும் குழாய் எங்கே போகிறது, கடைசியாக எப்போது எடுத்தது, லாரி அந்தச் சந்துக்குள் நுழையுமா என்ற இந்த ஆறு கேள்விகளுக்கு விடை எழுதிய பதிவேடு ஒன்று இல்லாத நகராட்சி, எத்தனை விதி இயற்றினாலும் இருட்டில்தான் நடக்கும். சொத்துவரிப் புத்தகத்தில் ஒவ்வொரு கதவெண்ணும் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆறு கட்டங்களைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. அதை நிரப்பும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் ஒப்படைத்தால், ஆண் அதிகாரி வந்து கேட்டால் மூடிக்கொள்ளும் பல கதவுகள் திறக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆட்சேபங்கள் வரும். வாடகைக்கு இருப்பவர், தொட்டி வீட்டுக்காரருடையது, நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்பார். அதனால்தான் கட்டணம் சொத்துவரியோடு சேர வேண்டும். அது உடைமையாளரைச் சாரும். குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் செலவழித்து முறையான தொட்டி கட்டச் சக்தியில்லை. அவரிடம் நோட்டீஸ் நீட்டுவது நியாயமன்று. நாலைந்து வீட்டுக்கு ஒரு பொதுத் தொட்டியை நகராட்சியே கட்டித் தருவதுதான் அங்கே வழி. லாரி நுழையாத சந்துகளுக்குச் சிறிய வண்டியில் பொருத்திய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. முதல் சுற்று முடியும் வரை யாருக்கும் அபராதம் விதிக்கக்கூடாது என்பது என் திடமான கருத்து. முதல் நாளே தண்டம் என்றால் ஜனங்கள் தொட்டியைத் திறந்து காட்டவே மாட்டார்கள். அடியில்லாத குழி என்று தெரிந்தால், அடுத்த முறை வீட்டை விரிவாக்க வரைபட அனுமதி கேட்கும்போது அதை மாற்றிக் கட்டச் சொல்லலாம். கல்யாண மண்டபத்துக்கும் வண்டி கழுவும் நிலையத்துக்கும் அந்தச் சலுகை தேவையில்லை; அவர்கள் லாபத்துக்காகத் தொழில் நடத்துகிறவர்கள், உரிமம் புதுப்பிக்கும் நாளே அவர்களுக்குக் கெடு.

எந்த வார்டில் தொடங்குவது என்ற கேள்வி நகர்மன்றத்தில் எழும்போது, பெரும்பாலும் தலைவரின் வார்டு, அல்லது கடைத்தெரு வார்டு என்று தீர்மானமாகிவிடுகிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று உறுப்பினர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஊரின் எந்தப் பகுதியில் குடிக்கும் கிணறுகளும் கைப்பம்புகளும் நெருங்கியிருக்கின்றனவோ, எந்தப் பகுதியின் வாய்க்கால் ஏரிக்குள் முடிகிறதோ, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வயிற்றுப்போக்குக் குறிப்பேட்டில் எந்தத் தெருவின் பெயர் அடிக்கடி வருகிறதோ, அந்த வார்டில் முதல் சிலாப்பைத் திறக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டை மருத்துவ அலுவலரிடம் கேட்டுப் பெறுவதற்கு யாருடைய அனுமதியும் நகர்மன்றத் தலைவருக்குத் தேவையில்லை. இந்தக் கூட்டம் முடிந்து நாளைக் காலையிலேயே அதைக் கேட்கலாம்.